ஓட்டுநர் இல்லா வண்டியும் சட்டத்தில் இல்லாத மனிதர்களும்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு தோழர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, நம்ம தெருவுக்கு டவுன் பஸ்ஸே ஒழுங்கா வரல. நீங்க போயி டிரைவர் இல்லாத காரைப் பத்திப் பேசப்போறீங்களே" என்றார். நியாயமான கேள்விதான். நான் பேருந்துப் பணிமனையில் ஸ்பேனர் பிடித்து ஓய்வு பெற்றவன், கணினி நிபுணன் அல்ல. ஆனாலும் இதைப் பற்றி இங்கேதான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். வண்டியை யார் ஓட்டுவது, யாருக்காக ஓட்டுவது, யார் அடிபட்டால் யார் பதில் சொல்வது என்ற கேள்விகள் நமக்குப் புதியவை அல்ல.

1929ஆம் ஆண்டு. பம்பாய் மாகாண அரசு தீண்டப்படாத மக்களின் குறைகளை விசாரிக்க ஒரு குழு அமைக்கிறது. பாபாசாகேப் அம்பேத்கர் அதில் உறுப்பினர். விசாரணைக்குப் போய்த் திரும்பும் வழியில் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். அவ்வூர் மகர் மக்கள் தங்கள் குடியிருப்புக்கு அவரை அழைத்துப்போகக் காத்திருக்கிறார்கள். குதிரை வண்டி வரத்தான் நெடுநேரம் ஆகிறது. ஒருவழியாக வண்டி வருகிறது, ஏறுகிறார். கொஞ்ச தூரத்திலேயே ஒரு மோட்டார் காரில் மோதப் பார்க்கிறது. பிறகு ஆற்றின் குறுக்கே இருந்த சிறு பாலத்தில் சக்கரம் கல்லில் சிக்கி, வண்டியும் குதிரையும் ஆற்றில் விழுகின்றன. அம்பேத்கர் கல் தரையில் தூக்கியெறியப்படுகிறார். கால் எலும்பு முறிகிறது. விசாரித்தால் பிறகு தெரிகிறது: தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்டுவது தனக்கு இழிவு என்று குதிரை வண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். வண்டியை வாடகைக்குத் தருவோம், ஓட்ட மாட்டோம் என்றார்கள். தலைவரை நடக்கவைக்க மனமில்லாத மகர் மக்கள், வண்டி ஓட்டியே பழக்கமில்லாத தங்களில் ஒருவரை ஓட்ட வைத்தார்கள்.

அதற்கு முன்பு 1901இல், சிறுவனாக இருந்தபோதும் இதேதான். அப்பாவைப் பார்க்க கோரேகானுக்குப் போன பிள்ளைகளை ஏற்ற மாட்டுவண்டிக்காரர் மறுத்தார். இரட்டைக் கட்டணம் தருவதாகச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் ஓட்ட வேண்டும், அவர் வண்டியின் பக்கத்திலேயே நடந்து வருவார். ஓட்டுநர் இல்லா வண்டி என்றால் என் நினைவுக்கு முதலில் வருவது அந்த மாட்டுவண்டிதான்.

இதைக் கேட்கும் இளைஞர் ஒருவர் சொல்லலாம்: அப்படியானால் இயந்திரம் நல்லதுதானே அய்யா, அதற்குச் சாதி தெரியாதே, யார் கை காட்டினாலும் நிற்குமே? எனக்கும் அந்த ஆசை உண்டு. இயந்திரத்தை வெறுப்பவன் அல்ல நான். ஆனால் இயந்திரத்தை ரோட்டுக்கு அனுப்புவது அரசின் ஆணை. அந்த ஆணையில் யாரை மனிதராக எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குப் போவோம்.

2015இல் அந்த மாநில ஆளுநர் டக் டியூசி ஒரு நிர்வாக ஆணை போட்டார். தானியங்கிக் கார்களைச் சோதிக்க வருகிற நிறுவனங்களுக்கு எல்லா வழியும் திறந்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். 2016 டிசம்பரில், பக்கத்து மாநிலமான கலிபோர்னியா, உரிய அனுமதி வாங்காததால் ஊபர் நிறுவனத்தின் 16 கார்களின் பதிவை ரத்து செய்தது. உடனே அந்தக் கார்களை லாரியில் ஏற்றி அரிசோனாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆளுநர் மகிழ்ச்சியோடு வரவேற்றார். முதலீடு வருகிறது என்றால் நம் ஊர் அமைச்சர்கள் எப்படி வாசலில் நிற்பார்களோ, அப்படி. அமெரிக்க ஒன்றிய அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், நிறுவனங்கள் விரும்பினால் தங்கள் பாதுகாப்பு பற்றித் தாங்களே மதிப்பீடு எழுதித் தரலாம் என்றது. விரும்பினால்! பேருந்துக்குத் தகுதிச் சான்று வாங்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நாள் கணக்கில் காத்துக்கிடந்தவன் நான். இதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது.

2018 மார்ச் 18, இரவு பத்து மணி வாக்கில், டெம்பி நகரத்தில் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். வீடற்றவர் என்று பத்திரிகைகள் எழுதின. ஊபரின் சோதனைக் கார் அவர் மீது மோதியது. இறந்துபோனார். தானியங்கிக் கார் மோதி நடந்துபோகிறவர் ஒருவர் இறந்தது உலகில் அதுவே முதல்முறை.

அடுத்த நாளே உள்ளூர்க் காவல்துறைத் தலைமை, நிறுவனத்தின் மேல் தவறு இருக்காது போலத்தான் தெரிகிறது என்ற தோரணையில் பேசிவிட்டது. இருட்டிலிருந்து திடீரென்று வந்தாராம். ஆனால் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒன்றரை ஆண்டு விசாரித்து வெளியிட்ட முடிவுகள் வேறு கதை சொல்லின. கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

மோதுவதற்கு 5.6 வினாடிக்கு முன்பே அந்தக் கார் அவரைக் கண்டுகொண்டது. கண்ணில் படாமல் இல்லை, பட்டார். ஆனால் யாரென்று அதற்குத் தீர்மானிக்க முடியவில்லை. ஒருமுறை வண்டி என்றது, ஒருமுறை வேறு ஏதோ பொருள் என்றது, ஒருமுறை சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயரை மாற்றும்போதும், அதுவரை அவர் நகர்ந்துவந்த தடத்தைக் கணக்கில் எடுக்காமல் புதிதாகத் தொடங்கியது. ஏன் இந்தக் குழப்பம்? நடைபாதைக் கோட்டுக்கு வெளியே ஒரு மனிதர் சாலையைக் கடப்பார் என்பதையே அந்த மென்பொருள் எண்ணிப்பார்க்கவில்லை. கோட்டுக்கு வெளியே இருந்தால் அதன் கணக்கில் மனிதர் கிடையாது. இதோடு முடியவில்லை. வோல்வோ காருடன் தொழிற்சாலையிலிருந்தே வரும் அவசர பிரேக்கை, தானியங்கி முறையில் ஓடும்போது அணைத்து வைத்திருந்தார்கள். தேவையில்லாமல் பிரேக் போட்டுக் குலுங்கக் கூடாது என்று, ஆபத்தைக் கண்ட பிறகும் ஒரு வினாடி சும்மா இருக்கும்படி தங்கள் மென்பொருளை அமைத்திருந்தார்கள். பயணம் சுகமாக இருக்க வேண்டுமல்லவா!

அந்தச் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடுத்திட்டில் செங்கல் பதித்து, பார்ப்பதற்கு அழகாக ஒரு பாதை போட்டிருந்தார்கள். யார் பார்த்தாலும் கடக்கும் வழி என்றே நினைப்பார்கள். பக்கத்திலேயே, இங்கே கடக்காதே என்று அறிவிப்புப் பலகை. முறையான கடவுப்பாதை அங்கிருந்து 360 அடி தள்ளி. பாதையும் போட்டு, அதில் நடக்காதே என்று பலகையும் வைக்கிற திட்டமிடல் நமக்கு நன்றாகத் தெரியும். கோயில் தெரு அரசாங்கச் செலவில் போடப்பட்டதுதான். அதில் யார் நடக்கலாம் என்பதற்கு வேறு பலகை.

கோட்டுக்கு வெளியே நடப்பது குற்றம் என்பதும் ஆதியிலிருந்து வந்த விதி அல்ல. கார் வருவதற்கு முன் அமெரிக்கத் தெருக்கள் நடப்பவர்களுக்கும் விளையாடும் பிள்ளைகளுக்கும் தள்ளுவண்டிக்காரர்களுக்கும் பொதுவானவை. 1920களில் கார் விற்பவர்களும் மோட்டார் சங்கங்களும் பிரச்சாரம் செய்து, தெரு காருக்கு உரியது, நடப்பவன் ஓரம் போக வேண்டும் என்று மாற்றினார்கள். 1925இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் போட்ட விதி மற்ற நகரங்களுக்கு முன்மாதிரி ஆனது. பிற்காலத்தில் அந்த விதியைக் காட்டி போலீஸ் அதிகம் பிடித்து நிறுத்தியது கறுப்பின மக்களைத்தான். அதனால்தான் 2023 தொடக்கத்திலிருந்து கலிபோர்னியாவில், உடனடி ஆபத்து இருந்தாலொழிய இதற்கு அபராதம் போடக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. நூறு ஆண்டுக்கு முன் கார் கம்பெனிகள் தெருவில் வரைந்த கோடு, மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்து, ஒரு பெண்ணை மனிதராகக் கணக்கிடாமல் விட்டது. எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டியதில்லை. சாதியும் பெரும்பாலும் அப்படித்தானே நடக்கிறது? திட்டம் போடுகிறவரின் கண்ணில் படாதவர்கள் திட்டத்தில் இருப்பதில்லை.

சரி, யார் பொறுப்பேற்றார்கள்? காருக்குள் ஒரு பாதுகாப்பு ஓட்டுநர் இருந்தார். ஒவ்வொரு வண்டியிலும் இருவர் இருந்ததை, விபத்துக்குச் சில மாதங்கள் முன்பு நிறுவனம் ஒருவராகக் குறைத்திருந்தது. ஓடுவது இயந்திரம், உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பது மனிதர். மணிக்கணக்காக ஒன்றும் செய்யாமல் விழிப்போடு மட்டும் இரு என்றால் எந்த மனித மூளையும் சோர்ந்துவிடும். அந்த ஓட்டுநர் கைப்பேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். அது தவறு, நான் மறுக்கவில்லை. விசாரணை வாரியமும் அவருடைய கவனக்குறைவையே முதல் காரணமாகச் சொன்னது. ஆனால் அதோடு நிற்கவில்லை. நிறுவனத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகள் போதாது என்றது. அரிசோனா போக்குவரத்துத் துறை போதிய மேற்பார்வை செய்யவில்லை என்றது.

குற்றவியல் நீதிமன்றத்துக்கு வந்தது யார்? 2019 மார்ச்சில் அரசு வழக்கறிஞர், நிறுவனத்தின் மீது குற்றவழக்குப் போட அடிப்படை இல்லை என்று எழுதிவிட்டார். 2020இல் அந்த ஓட்டுநர் மீது மரணம் விளைவித்த குற்றச்சாட்டு பதிவாயிற்று. 2023 ஜூலையில் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். ஆணை போட்ட ஆளுநர் மீது ஒன்றுமில்லை. பிரேக்கை அணைத்த முடிவு மீது ஒன்றுமில்லை. மணிக்கணக்கில் கூலி வாங்கி அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் கூண்டில் நின்றார். பணிமனையில் வேலை பார்த்த எவரையும் கேளுங்கள். வண்டி மோதினால் முதலில் ஓட்டுநரின் சட்டையைப் பிடிப்பார்கள். பிரேக் லைனிங் எப்போது மாற்றினீர்கள் என்ற கேள்வி பிறகுதான் வரும், பல நேரம் வராமலே போகும்.

இங்கே கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு ஆராய்ச்சியைச் சொல்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இணையத்தில் ஒரு சோதனை வைத்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தானியங்கிக் காருக்கு பிரேக் பிடிக்கவில்லை, இந்தப் பக்கம் போனால் இவர் சாவார், அந்தப் பக்கம் போனால் அவர் சாவார், யாரைக் காப்பாற்றுவீர்கள் என்ற கேள்வி. உலகம் முழுக்க ஏறத்தாழ 4 கோடி பதில்கள் வந்தன. படங்களில் குழந்தை, முதியவர், மருத்துவர், நிறுவன அதிகாரி, வீடற்றவர், குற்றவாளி என்றெல்லாம் மனிதர்களை வகை பிரித்திருந்தார்கள். பொருளாதார ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளில் இருந்து விடையளித்தவர்கள், உயர்ந்த அந்தஸ்து உள்ளவரைக் காப்பாற்றுவதில் அதிக நாட்டம் காட்டினார்கள் என்பது கண்டறிந்தவற்றில் ஒன்று. படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் சொன்னது எந்த அளவுக்கு மனித மனத்துக்குள் போகும் என்பதற்கு இதைவிட நேரடியான படம் நான் பார்த்ததில்லை. ஒரே குற்றத்துக்கு வருணம் பார்த்துத் தண்டனை சொன்ன மனுவின் சட்டத்தில் வளர்ந்த நாடு இது. பெரும்பான்மை விருப்பப்படி காருக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள் என்று இங்கே விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனி விடவில்லை. 2017இல் அந்நாட்டு அரசு அமைத்த நெறிமுறைக் குழு, தவிர்க்க முடியாத விபத்து நேரும்போது வயது, பால், உடல் நிலை, மனநிலை என எந்தத் தனிப்பட்ட அடையாளத்தையும் வைத்து மனிதரைத் தரம் பிரிக்கக் கூடாது என்று எழுதியது. 2021இல் போட்ட சட்டத்தில் அந்தக் கருத்தையே விதியாக்கினார்கள். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டியைக் கண்காணிக்க, பொறுப்புள்ள ஒரு மனிதர் தொலைவிலாவது இருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஒரு நாடு தன் வரலாற்றில் செய்த கொடுமையிலிருந்து பாடம் கற்றால் சட்டத்தில் இப்படி ஒரு வரி வரும்.

பிரிட்டன் 2024இல் தானியங்கி வாகனங்கள் சட்டம் நிறைவேற்றியது. இரண்டு சட்ட ஆணையங்கள் பல ஆண்டுகள் மக்களிடம் கருத்துக் கேட்டு, அறிக்கை கொடுத்து, அதற்குப் பிறகு வந்த சட்டம். கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநருக்குக் குறையாத பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். வண்டி தானாக ஓடும்போது நடக்கும் ஓட்டுதல் குற்றங்களுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர் மீது வழக்கு வராது. வண்டிக்கு அனுமதி பெற்ற நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். பாதுகாப்பு பற்றிய தகவலை மறைத்தாலோ பொய் சொன்னாலோ குற்றம், மேலதிகாரிகள் வரை அந்தக் குற்றம் போகும். பிரிட்டனை நான் புகழவில்லை, அவர்களுக்கும் வணிக ஆசைதான். ஆனால் டெம்பியில் கீழே இறங்கிய பொறுப்பை மேலே ஏற்ற முடியும், அதற்கு எழுத்தில் வழி உண்டு என்பதற்கு இது சான்று.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும், மறுபடி 2023 டிசம்பரிலும், ஓட்டுநர் இல்லாக் கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம், ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்றார். கேட்க இனிக்கிறது. ஆனால் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 2பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். புதுமைக்கும் ஆராய்ச்சிக்கும் ஊக்கம் தர, சில வகை வாகனங்களுக்கு இந்தச் சட்டத்தின் விதிகளிலிருந்தே ஒன்றிய அரசு விலக்கு அளிக்கலாம். நிபந்தனைகளையும் அதே அரசு வகுக்கும். ஓட்டுநர் உரிமம், கட்டாயக் காப்பீடு, அடிபட்டவர் இழப்பீடு கேட்கும் தீர்ப்பாயம், எல்லாம் இருப்பது இந்தச் சட்டத்தில்தான். மேடையில் வரமாட்டேன் என்கிறார்கள், சட்டத்தில் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மேடைப் பேச்சு கொள்கை ஆகாது. அரிசோனாவில் ஆளுநர் ஓர் ஆணையில் செய்ததை இங்கே ஓர் அறிவிக்கையில் செய்துவிடலாம். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ விவாதிக்க வேண்டிய அவசியம்கூட வராது.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இது ஒன்றிய அரசின் கணக்கு. அதில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் போனவர்கள். 19.5 விழுக்காட்டினர் நடந்து போனவர்கள். காருக்குள் இருப்பவர்கள் சிறுபான்மை. சாலையோரம் குப்பை பொறுக்குகிறவர், விடியற்காலையில் நெடுஞ்சாலையைக் கூட்டுகிறவர், நூறு நாள் வேலைக்குக் கூட்டமாக நடந்து போகிற பெண்கள், மாட்டை ஓட்டிப்போகிறவர் — இவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நடைபாதைக் கோடே இல்லாத ஊரில், கோட்டுக்கு வெளியே மனிதர் இல்லை என்று படித்த வண்டி வந்தால் என்ன ஆகும்? ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நடப்பவரைக் கண்டறியும் மென்பொருள்கள் வெளிர் தோலை விடக் கருந்தோல் உள்ளவரைக் கண்டறிவதில் பின்தங்கின. அவை பொதுவில் கிடைக்கும் மென்பொருள்கள், கார் கம்பெனிகளுடையவை அல்ல என்று ஆட்சேபம் எழுந்தது. சரியான ஆட்சேபம்தான். அப்படியானால் கம்பெனிகள் தங்களுடையதைத் திறந்து காட்டட்டும்.

இன்னொன்று, வரைபடம். இந்த வண்டிகள் எங்கும் ஓடுபவை அல்ல. நுணுக்கமாக வரைபடம் எடுத்த எல்லைக்குள் மட்டும் ஓடும். எல்லையை வரைவது நிறுவனம். ஊர் எது, சேரி எது என்று கோடு போட்டு வாழ்கிற நாட்டில், அந்த எல்லை எங்கே முடியும்? காலனி நிறுத்தத்தில் நிற்காமல் போகிற பேருந்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விடை தெரியும். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்கு என்ன கலவரம் நடந்தது என்பதை இங்கே பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். ஒடுக்கப்பட்டவர் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் அரசு எடுத்தது. ஓடுகிற இரும்புக்கே சாதி பார்த்த மாநிலம் இது.

ஓட்டுநர் வேலை பற்றி அமைச்சர் கவலைப்படுகிறார். நாமும்தான் கவலைப்படுகிறோம். நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கனரக வாகன உரிமம் ஒரு சொத்து. தாட்கோ கடனில் வண்டி வாங்கி, பண்ணையாரின் களத்து மேட்டிலிருந்து தப்பித்தவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அரசுப் பேருந்து ஓட்டுநர் பணியில் இட ஒதுக்கீடு உண்டு, கம்பெனியின் தானியங்கி வண்டியில் எந்த ஒதுக்கீடும் கிடையாது. ஆனால் வேலை போய்விடும் என்று இயந்திரத்தைத் தடுக்கிற இதே அரசு, எந்த வேலை போக வேண்டுமோ அங்கே இயந்திரத்தைக் கொண்டுவரத் தயங்குகிறது. மலக்குழிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. 2018இலேயே கேரளத்தில் இளம் பொறியாளர்கள் செய்த பாண்டிகூட் என்ற இயந்திரம் திருவனந்தபுரத்தில் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டது. ஒரு குழிக்குள் கையை நுழைத்துக் கசடை அள்ளுவது, நகரச் சாலையில் கார் தானாக ஓடுவதை விட ஆயிரம் மடங்கு எளிய வேலை. ஆனாலும் நம் பிள்ளைகள் விஷவாயு தாக்கிச் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். இயந்திரம் எங்கே வர வேண்டும், எங்கே வரக் கூடாது என்று தீர்மானிப்பது விஞ்ஞானம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதைக் கேளுங்கள்.

நாம் இப்போதே கேட்க வேண்டியவை உண்டு. 2பி பிரிவில் எந்த விலக்கு அளிப்பதானாலும், வரைவைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட்டுக் கருத்துக் கேட்ட பிறகே அளிக்க வேண்டும். அடிபட்டவருக்கான இழப்பீட்டுப் பிரிவுகளை அந்த விலக்கில் தொடவே கூடாது. எந்த வண்டி எந்தப் பகுதிக்குப் போகிறது, எந்தப் பகுதியை விட்டுவிடுகிறது என்ற கணக்கை நிறுவனம் பொதுவில் வைக்க வேண்டும். கலிபோர்னியாவில் பயணிகள் சேவைக்கு அனுமதி தரும் ஆணையம், பின்தங்கிய பகுதிகளுக்கு இந்த வசதி போய்ச்சேர வேண்டும் என்பதைத் தன் குறிக்கோளாகவே எழுதியிருக்கிறது. இங்கே ஏன் முடியாது? நம் சாலையில் சோதிக்கும் முன், கோட்டுக்கு வெளியே நடப்பவர், தலையில் சுமை வைத்திருப்பவர், இருட்டில் துடைப்பத்தோடு நிற்பவர் ஆகியோரைக் கண்டறிகிறதா என்று பொது நிறுவனம் ஒன்று தேர்வு வைக்க வேண்டும். அந்தத் தேர்வுக் குழுவில் தூய்மைப் பணியாளர் சங்கத்திலிருந்து ஒருவர், ஓட்டுநர் சங்கத்திலிருந்து ஒருவர் உட்கார வேண்டும். ஓட்டுநர்களுக்கு மாற்று வேலை, அதில் இட ஒதுக்கீடு, இவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று விடாமல் அனுமதி ஆணையிலேயே எழுத வேண்டும்.

2பி பிரிவின் தமிழாக்கத்தை நகல் எடுத்து வாசலில் வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். போகும்போது எடுத்துப் போங்கள். மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்துகிற வழக்கறிஞர் தோழர் ஒருவர் இங்கே வந்திருக்கிறார். இழப்பீட்டுப் பிரிவுகள் பற்றிய கேள்விகளை அவரிடமே கேளுங்கள், என்னை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.